மீட்டர் வைத்திருக்க வேண்டும்

அடுத்தவர் கடைப்பிடிக்க வேண்டியதை எழுதிக் கொடுப்பதுதான் என் உத்தியோகம். பொத்தேரிக்குப் பக்கத்தில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் பல வருடங்களாகத் தர விதிகளும் பாதுகாப்பு விதிகளும் எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்பவர்களுக்கு இது ஒரு வேலையாகவே தெரியாது. என் மாமியார் இன்றைக்கும் என்னை டைப்பிஸ்ட் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்கிறார்.

எங்கள் பிழைப்பு மூன்று சொற்களில் ஓடுகிறது. 'செய்ய வேண்டும்' என்று எழுதினால் செய்தே ஆக வேண்டும், செய்யாவிட்டால் விதிமீறல். 'செய்வது நலம்' என்றால், செய்யாததற்கு ஒரு காரணம் வைத்திருந்தால் போதும். 'செய்யலாம்' என்றால் அவரவர் இஷ்டம். இதற்கு மேல் எனக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. எழுதுகிற வினை, பக்கத்தில் நிற்பவர் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். பூட்ட வேண்டும், திருக வேண்டும், அளக்க வேண்டும் என்றால் ஆயிற்றா இல்லையா என்று யாரும் சொல்லிவிடலாம். 'உறுதிசெய்ய வேண்டும்' என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ணை மூடிக்கொண்டு 'எல்லாம் சரியாகத்தான் இருக்கும்' என்று நினைத்துக்கொண்டாலும் அது உறுதிசெய்ததுதான்.

வீட்டில் இதை வைத்து என்னை ஓட்டாத நாள் இல்லை. "காபி போட வேண்டுமா, போடுவது நலமா?" என்பார் கணவர். "போடணும். நீங்க போடணும்," என்பேன். யார் செய்வது என்று சொல்லாத விதியும் எனக்கு ஆகாது.

எனக்கு ஒரே தம்பி. தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிகளை, அதாவது சம்ப்புகளைக் கழுவிக் கொடுப்பது அவன் தொழில். ஒரு வேன், இரண்டு ஆட்கள், அவர்களுக்கு மேல் மேஸ்திரியாக ஒரு பாய். பாய் அப்பா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம். தம்பியை முதலாளி என்று கூப்பிட்டாலும், அவன் சட்டைப் பொத்தான் அவிழ்ந்திருந்தால் போட்டுவிடுகிற உரிமை அவருக்கு உண்டு.

தம்பிக்கு ஒரு வழக்கம். எந்தத் தொட்டியானாலும் தன் ஆட்கள் இறங்குவதற்கு முன் அவன் இறங்கிப் பார்ப்பான். "என்ன நம்பி வந்தவங்கள உள்ள அனுப்பிட்டு நான் மேல நின்னு வேடிக்க பாக்கறதா?" என்று கேட்பான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். அடுத்த நிமிடமே, இறங்காதே என்று சொல்லத் தோன்றும்.

ஏனென்றால் சம்ப்பில் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு அல்ல. மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் சாக்கடையோடு உள்ளே புகுந்து, சேறும் இலையும் அடியில் தங்கி, மூடியபடியே கிடந்தால் உள்ளே விஷவாயு உண்டாகும். முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். வாயு அதிகமாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப்போய், வாடையே தெரியாமல் போகும். வாடை போய்விட்டது என்று ஆள் நிம்மதியாக மூச்சை இழுப்பது அப்போதுதான். இதைப் படித்த நாளிலிருந்து என் சமையலறையில் முட்டை உடைக்கும்போதுகூட தம்பி ஞாபகம் வரும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வாளிக்குள் மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்துக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். அணையாமல் எரிந்தால் இறங்கலாம் என்பது அவர்கள் கணக்கு. விஷவாயு ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் மெழுகுவத்தி பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். இதைத் தம்பியிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "இத்தினி வருஷம் அதுதான அக்கா காப்பாத்துச்சு," என்பான்.

வேறெங்கோ ஒரு தொட்டியில் ஓர் ஆள் போய்விட்டார் என்று பேச்சு வந்த பிறகு, தம்பியைப் போன்ற ஒப்பந்தக்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கத்துக்கும் பயம் வந்தது. தொழிலுக்குப் பொதுவாக ஒரு விதித் தொகுப்பு வேண்டும் என்று முடிவுசெய்தார்கள். "எங்க அக்கா இதத்தான் வேலையா செய்யறாங்க," என்று தம்பி மார்தட்டிக்கொள்ள, எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டேன். அவனை வாயால் தடுக்க முடியவில்லை, விதியால் தடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெயிண்டுக் கடை மாடியில் கூட்டம் நடக்கும். தலைவர் தண்ணீர் லாரி ஓட்டி முன்னுக்கு வந்தவர், பெரிய உடம்பு, யாரையும் கடிந்து பேசாத மனிதர். அந்தச் சங்கத்தில் ஓட்டு எடுக்கும் பழக்கம் கிடையாது. ஒவ்வொரு வரியாக நான் படிப்பேன். யாராவது முகத்தைச் சுளித்தால், அவர் முகம் நேராகிற வரைக்கும் அந்த வரியைத் தளர்த்துவார்கள். பிறகு தலைவர் "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்பார். சம்மதம் என்று குரல் எழுந்ததும் பஜ்ஜி வரும். மனிதர்கள் சண்டையில்லாமல் சேர்ந்திருக்க அருமையான ஏற்பாடுதான். விதி எழுத அதைப்போல மோசமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

தலைக்கவசம் 'அணிய வேண்டும்' என்று எழுதியிருந்தேன். யாரோ உச்சுக்கொட்டினார், அது 'அணிவது நலம்' ஆயிற்று. வெளிக்காற்றை உள்ளே செலுத்தும் புளோயரை ஓடவிட வேண்டும் என்ற வரியில் 'இயன்றவரை' நுழைந்தது. நான் வாதாடிப் பார்த்தேன். பஜ்ஜித் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார்கள்.

முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்ட வரிகளும் இருந்தன. இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும், மேலே ஒருவர் அதைப் பிடித்திருக்க வேண்டும் என்பதை அப்படியே ஒப்புக்கொண்டார்கள், அது ஏற்கெனவே அவர்கள் பழக்கம். இறங்குகிறவர் செல்போனை மேலே வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்ற வரிக்குக் கைதட்டலே கிடைத்தது. சின்னத் தீப்பொறிகூட உள்ளே ஆபத்து என்பதற்காக நான் எழுதியது அது. "கரீட்டு மேடம், போன மாசந்தான் என் செல்லு உள்ள வுழுந்து பூட்ச்சு," என்றார் ஒருவர். காரணம் எதுவானால் என்ன, ஒரு 'வேண்டும்' பிழைத்ததே என்று அடுத்த வரிக்குப் போனேன்.

காற்று பற்றிய வரி வந்தது. 'இறங்குவதற்கு முன், தொட்டியின் அடிவரை மீட்டரை இறக்கிக் காற்றை அளக்க வேண்டும். அளவு சரியில்லையென்றால் எவரும் இறங்கக் கூடாது.' அந்த முழுத் தொகுப்பையும் நான் எழுதியது இந்த ஒரு வரிக்காகத்தான்.

"இன்னா மேடம் இது, ஒரு ஒரு வூட்லயும் மீட்டர எறக்கிகினு நின்னா வேல எப்ப முடியும்? பார்ட்டி வேற ஆளப் பாத்துகினு பூடுவான்," என்றார் செல்லைத் தவறவிட்டவர். பல முகங்கள் ஒன்றாகச் சுளித்தன. நான் குரலை உயர்த்தினேன். அக்காவும் சங்கமும் முட்டிக்கொள்வதைப் பார்க்கப் பொறுக்காமல் தம்பியே எழுந்தான்.

"அக்கா, 'மீட்டர் வைத்திருக்க வேண்டும்'னு போட்டுடேன். வேண்டும்னும் இருக்கும், எல்லாருக்கும் ஓகேவா இருக்கும்."

"வெச்சிருந்து என்னடா பண்றது? அதப் பாத்துக்கிட்டே இருக்கறதா?"

எல்லோரும் சிரித்தார்கள். "வெச்சிருக்கிறவன் யூஸ் பண்ணாமலா இருப்பான்?" என்று தலைவர் சமாதானமாகச் சொன்னார். தம்பி அத்தோடு நிற்கவில்லை. தன் வழக்கத்தையும் விதியில் சேர்க்கச் சொன்னான். 'பொறுப்பாளரே முதலில் இறங்கி, உள்ளே நிலைமை சரியாக இருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.' கைதட்டல் பெயிண்டுக் கடைக்கே கேட்டிருக்கும். எல்லாருக்கும் சம்மதம்.

ரயிலில் வீட்டுக்கு வரும்போது மடியில் இருந்த தாளை மறுபடி படித்தேன். காற்றைப் பற்றிய 'வேண்டும்' ஒரு பொருளை வைத்திருப்பதோடு முடிந்துவிட்டது. மனிதன் இறங்குவதில் மட்டும் அது அசையாமல் நின்றது. மீட்டர் செய்ய வேண்டிய வேலையை என் தம்பியின் நுரையீரல் செய்ய வேண்டும் என்று அழகான தமிழில் எழுதியிருந்தது. வண்டலூர் தாண்டும்வரை அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம் முழுக்க இதை நடைமுறையில் பார்த்துவிட்டுப் பிறகு இறுதிசெய்வது என்று மட்டும் தலைவரிடம் உறுதி வாங்கியிருந்தேன்.

விதி என்று வந்துவிட்டால் தம்பி மீற மாட்டான். எழுதியதை எழுதியபடி செய்கிறவன், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். அந்த வாரமே நல்ல மீட்டராக வாங்கிவிட்டான். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, முகப்பில் இரண்டு சின்ன வலைக்கண்கள். ஒன்று பிராணவாயுவை அளக்கும், மற்றது விஷவாயுவை. திறந்த வெளியில் வைத்தால் முதல் எண் இருபது புள்ளி ஒன்பது, இரண்டாவது பூஜ்யம். தொட்டிக்குள் இறக்கினால் எண்கள் கொஞ்சமாவது அசையும், எல்லை தாண்டினால் அலறும். இதையெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தலையாட்டினான். பெட்டியை வேனின் டேஷ்போர்டுக்குள் பத்திரமாக வைத்தான்.

மழை வந்தது. ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவில் முழங்காலளவுத் தண்ணீர் நின்றது. எங்கள் குடியிருப்பின் சம்ப்புக்குள்ளும் அது இறங்கிவிட்டது. மூடியைப் போட்டு மூடிவிட்டு, லாரித் தண்ணீரை மாடித் தொட்டிக்கே ஏற்றி வாரக்கணக்கில் சமாளித்தோம். வெயில் வந்ததும் சம்ப்பைக் கழுவ எங்கள் அசோசியேஷன் செயலாளர் தம்பியைத்தான் கூப்பிட்டார். நான் அன்று அலுவலகத்துக்குப் போகவில்லை.

கார் நிறுத்தும் இடத்தில், மூடியைத் திறந்ததுமே வாடை அடித்தது. அழுகிய முட்டை.

"அளக்காம எறங்காதே," என்றேன்.

"உனக்காக அளக்கறேன், போதுமா?" என்று சிரித்துக்கொண்டே மீட்டரை எடுத்தான். பாய் கயிறு கட்டிக் கொடுக்க, அடிவரை இறக்கினான். சத்தமே இல்லை. மேலே இழுத்துக் காட்டினான். இருபது புள்ளி ஒன்பது, பூஜ்யம். "பாத்தியா?" என்றான். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அவன் முகத்தைத் தொட்டுத் திருஷ்டி கழிக்கலாம் போலிருந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான், கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் செல்லை வைத்தான், ஏணியில் இறங்கினான். சேற்றில் பூட்ஸ் பதியும் சத்தம் கேட்டது.

மீட்டர் என் கையில் இருந்தது. வாடை மட்டும் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது. பத்தடி தள்ளி நிற்கும் என் மூக்குக்குத் தெரிகிற வாயு, அடிவரை போய் வந்த மீட்டருக்குத் தெரியவில்லை. அதைத் திருப்பிப் பார்த்தேன். நெற்றிப்பொட்டு போல வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு வேன், ஏணி, பம்பு, வாளி எல்லாவற்றுக்கும் வைத்தபோது இதற்கும் வைத்திருக்கிறார்கள். முகம் மாதிரி இருந்த இடத்தில் பக்தியாக வைத்திருக்கிறார்கள். விஷவாயுவுக்கான வலைக்கண் முழுக்க அடைத்துக் காய்ந்து கிடந்தது.

"பாய், அவன மேல வரச் சொல்லுங்க."

பாய் குனிந்தார். "மொதலாளி, மேல வந்துருங்க. அக்கா கூப்புடறாங்க."

கீழிருந்து தம்பியின் குரல் கொஞ்சம் குழறலாக வந்தது. "இருங்க பாய். நாத்தமெல்லாம் போயிடுச்சு. இப்ப ஒண்ணுமில்ல."

அந்த வாக்கியத்தை நான் இதற்கு முன் தாளில் மட்டுமே படித்திருக்கிறேன். "இழுங்க," என்று கத்தினேன். பாய் என் முகத்தைப் பார்த்தார். அவரும் ஆட்களுமாக இழுத்தார்கள். பாதி தூரத்தில் கயிறு கனத்தது, அவன் தானாக ஏறுவதை நிறுத்திவிட்டிருந்தான். மேலே வந்து விழுந்தபோது முகம் சாம்பல் நிறம், கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பிறகு வாந்தி எடுத்தான். வாந்தியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாய் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். பின்னாலேயே போக என் வண்டியை எடுக்கும் முன், புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றிச் சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மீட்டரை உள்ளே இறக்கினேன். பாதிகூடப் போகவில்லை, அலற ஆரம்பித்தது. பால்கனிகளில் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். செயலாளர் காதைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். "அப்ப சாயந்திரம் தண்ணி விட முடியாதுங்களா?" என்று கேட்டார். வாயில் வந்ததை அப்படியே சொல்லியிருந்தால் அந்தக் குடியிருப்பில் இன்று இருந்திருக்க மாட்டேன்.

தம்பி இரண்டே நாளில் எழுந்து நடமாடினான். அடுத்த கூட்டத்துக்கு நான் பழைய வரியோடு போனேன். வைத்திருக்க அல்ல, இறக்கி அளக்க வேண்டும். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அறை அமைதியாகக் கேட்டது. இந்த முறை ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பகவான் புண்ணியம். ஆனா ஒண்ணு பாரும்மா, மீட்டர் கையில இருந்ததாலதான உனக்குத் தெரிஞ்சுது? கயிறு இருந்ததாலதான தூக்கினாங்க? நாம போட்ட விதி வேல செஞ்சிருக்கு."

தலைகள் ஆடின. சிலர் கண்களில் நிஜமாகவே நீர். வரி மாறவில்லை. நான் விடாமல் மன்றாடியதற்கு மரியாதையாக ஒன்று சேர்த்தார்கள். மீட்டர் மீது பொட்டு வைக்கக் கூடாது என்று எழுதச் சொன்னேன். சாமி விஷயத்தில் கூடாது என்ற சொல் வேண்டாம் என்று இரண்டு முகங்கள் சுளித்தன. 'பொட்டு வைப்பதைத் தவிர்ப்பது நலம்' என்று ஆயிற்று. எல்லாருக்கும் சம்மதம்தானே என்றார் தலைவர். தம்பியின் குரல்தான் முதலில் வந்தது. தொகுப்பு அச்சாகி, கடைசிப் பக்கத்தில் எனக்கு நன்றியும் சொல்லியிருந்தார்கள். அதை நான் வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

அவர்களுடைய விதியை மாற்ற முடியாது என்று ஆனதும் தம்பிக்கு மட்டும் ஒரு விதி போட்டேன். ஒவ்வொரு தொட்டியிலும் இறங்கும் முன் எனக்குப் போன் செய்து மீட்டர் காட்டும் இரண்டு எண்களையும் படிக்க வேண்டும். "சரி அக்கா," என்றான். சொன்னபடி செய்தான். "இருபது புள்ளி நாலு, ஒண்ணு," என்பான் ஒரு நாள். "இருபது புள்ளி ஆறு, ரெண்டு. புளோயர் போடறேன்," என்பான் இன்னொரு நாள். எண்கள் அசைந்துகொண்டிருந்தவரை நான் நன்றாகத் தூங்கினேன்.

கொஞ்ச நாளாக எண்கள் அசையவில்லை. இருபது புள்ளி ஒன்பது, பூஜ்யம். மறுநாளும் அதே. வேறு தொட்டி, வேறு ஏரியா, அதே இரண்டு எண்கள். வெயில் காலம், தொட்டிகள் சுத்தமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவனிடம் கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பானே என்று தள்ளிப்போட்டேன்.

இன்று காலை அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்ததும் போன் வந்தது. "அக்கா, இருபது புள்ளி ஒன்பது, பூஜ்யம். வெக்கட்டுமா?" குரலில் அவசரம். அவன் பேச்சுக்குப் பின்னால் டக், டக் என்று ஒரே சீராக ஒரு சத்தம். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு கணம் ஆயிற்று. வேனின் இண்டிகேட்டர். அவன் இன்னும் வண்டிக்குள்தான் இருக்கிறான். எங்கோ திரும்பிக்கொண்டிருக்கிறான். எனக்காக, வண்டிக்குள் இருக்கும் காற்றை அளந்து படித்திருக்கிறான்.

"எங்கடா இருக்கே?" என்பதற்குள் வைத்துவிட்டான். மறுபடி போட்டால், அவன் வேறு யாருடனோ பேசுகிறான் என்ற பதிவுக் குரலே பத்து நிமிடத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தது. பாயைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவர் கயிறு பிடிக்கும் நேரத்தில் எடுக்க மாட்டார். தம்பியை மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை மணி அடிக்கிறது. முழுதாக அடித்து ஓய்ந்து, மறுபடி போட்டால் மறுபடி அடிக்கிறது.

செல்போனை மேலே வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அது நான் எழுதிய வரி, யாரும் முகம் சுளிக்காமல் ஒப்புக்கொண்ட வரி. அதை அவன் ஒரு நாளும் மீறியதில்லை.